கிள்ளானின் காய்ச்சலை விரட்டிய டாக்டர் மால்கம் வாட்சன்

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் கடை நடத்தும் நம் சகோதரர்கள் மஃரிபுக்குப் பின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாடிக்கைக்காரரோடு அளவளாவுவது இன்று சாதாரண காட்சி. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் அதே ஊரில் அப்படி உட்காருவது உயிரோடு விளையாடும் காரியம். இரவில் கொசு கடித்தது. பத்துப் பதினைந்து நாளில் குளிர் எடுத்தது. கம்பளியைப் போர்த்தினாலும் பல் கிட்டியது. பின் அனலாய்க் கொதித்தது. கொயினாத் தூள் கிடைத்தவர் சிலர் பிழைத்தனர். கிடைக்காதவரை ஜனாஸாவில் எடுத்துச் சென்றனர். அந்த நிலையை மாற்றியதில் பெரும் பங்கு ஒரு வாலிப டாக்டருக்கு உண்டு. அவர் பெயர் மால்கம் வாட்சன்.

அன்னாரின் சரித்திரத்தை எழுதப் புகுந்த நாம், அவரைச் சுற்றியிருந்த வேறு சிலரையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்நாட்டின் மருத்துவ ஆராய்ச்சியை வளர்த்தவர்கள் ஒரே சாதியினரோ ஒரே படிப்பினரோ அல்லர். நரம்பு வைத்தியம் படித்தவர், பூச்சிகளை எண்ணியவர், கவிதை எழுதிய ராணுவ வைத்தியர், பினாங்கில் பிறந்த சீனர், இந்தியர் என்று பலதரப்பட்டவர்கள். இது நமக்குப் புதிதுமன்று. அப்பாஸியக் கலீபாக்கள் காலத்துப் பக்தாதில் மருத்துவ நூல்களை அரபியில் ஆக்கித் தந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஒரு கிறிஸ்தவர். தாபித் இப்னு குர்ரா ஹர்ரானிலிருந்து வந்த ஸாபி மதத்தவர். பெரும் மருத்துவரான அர்-ராஸி வைத்தியத்துக்கு வருமுன் இசை வல்லவராகவும், நாணயம் மாற்றுபவராகவும் இருந்தார் என்று பழைய சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். நம்மில் நாணய மாற்றுக் கடை வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டுச் சற்றுப் பெருமைப்படலாம்.

வாட்சன் 1873-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். கிளாஸ்கோ பல்கலைக் கழகத்தில் வைத்தியம் பயின்று, சுகாதாரத் துறையிலும் தேர்ச்சி பெற்று, 1900-இல் மலாய் நாட்டு மருத்துவ உத்தியோகத்துக்கு வந்தார். 1901-இன் தொடக்கத்தில் அவரைக் கிள்ளான் மாவட்ட வைத்தியராக நியமித்தார்கள். வயது இருபத்தேழு.

கிள்ளான் அப்போது சுமார் 3,500 பேர் வாழ்ந்த சிற்றூர். ஆற்றோரம் கடைவீதி, அதன் பின்புறம் சதுப்பு, சதுப்புக்கு அப்பால் காடு. கோலாலம்பூரிலிருந்து 1886-இல் புக்கிட் கூடா வரை போடப்பட்ட ரயில்பாதை, 1890-இல் கிள்ளானுக்கும் 1899-இல் கடலோரத்துக்கும் நீண்டது. பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்த ரயில்வே ஊழியர்களுக்கும், நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிய தோட்டத் தொழிலாளருக்கும், நம் முன்னோரான வியாபாரிகளுக்கும் அந்தப் பாதையே உயிர்நாடி. பாதை முடியும் இடத்தில், அலையாத்திக் காட்டை வெட்டிப் புதிய துறைமுகம் ஒன்றைக் கட்டினார்கள். அதற்குப் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். 1972-இல்தான் அது கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறியது.

துறைமுகம் 1901 செப்டம்பரில் திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களிலேயே கூலிகள், குமாஸ்தாக்கள், ரயில்வேக்காரர்கள், கப்பல் மாலுமிகள் என்று வரிசையாகப் படுத்தார்கள். சரக்கு இறக்க ஆளில்லை. இவ்வளவு பணம் கொட்டிக் கட்டிய துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. கிள்ளான் நகரின் நிலையும் அதுவே. அந்த ஓர் ஆண்டில் இரண்டு இடத்திலும் காய்ச்சலால் மாண்டவர் 368 பேர். 3,500 பேர் வாழும் ஊரிலும் அதை ஒட்டிய துறையிலும் இத்தனை மையித்து என்றால், மாதத்துக்கு முப்பது!

மலேரியா கொசுவால் பரவுகிறது என்பது அப்போது நாலாண்டுச் செய்தி. 1897 ஆகஸ்டில் சிக்கந்தராபாத்தில் ராணுவ வைத்தியர் ரொனால்டு ராஸ் அதைக் கண்டறிந்தார். இமயமலை அடிவாரத்து அல்மோராவில் பிறந்து, கவிதையும் நாவலும் எழுதி, கணிதத்தில் மோகம் கொண்டு, வைத்தியத்தை அரைமனதோடு படித்தவர் அவர். அவருக்குத் தம் உடம்பைக் கொசுவுக்குக் கொடுத்த நோயாளி ஹுஸைன் கான் என்ற முஸ்லிம். கடித்த கொசு ஒன்றுக்கு ஓர் அணா கூலி. பத்துக் கொசு கடித்துப் பத்தணா பெற்றார். அடுத்த ஆண்டு கல்கத்தாவில் ராஸுக்கு உதவியாக இருந்து கொசுக்களை வளர்த்துத் தந்தவரும் முகம்மது பக்ஸ் என்ற முஸ்லிமே. 1902-இல் நோபல் பரிசு ராஸுக்குப் போயிற்று. இவ்விருவர் பெயரையும் நம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் காணோம். ஆகவேதான் இங்கே எழுதி வைக்கிறோம்.

கண்டுபிடிப்பு ஒன்று; அதைக் கொண்டு ஊரைக் காப்பாற்றுவது வேறொன்று. கொசுவை ஒழித்தால் மலேரியா ஒழியும் என்று ராஸ் சொன்னதை அநேக வைத்தியர்கள் நம்பவில்லை. லாகூருக்கு அருகே மியான் மீர் என்ற ராணுவப் பாளையத்தில் அதே ஆண்டுகளில் ஒரு சோதனை நடந்தது. சிறிது பணம் செலவழித்து, குட்டைகளை நிரப்பி, வாய்க்கால்களைச் சுத்தம் செய்து பார்த்தார்கள். காய்ச்சல் குறைந்ததாகத் தெரியவில்லை. இது ஆகாத காரியம் என்று இந்திய சர்க்காரின் வைத்தியர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். கிள்ளானில் வாட்சன் கையை வைத்தது இந்தச் சூழ்நிலையில்தான்.

ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து, எந்த வீட்டிலிருந்து வருகிறார்கள் என்று அவர் விசாரித்தார். சதுப்பையும் காட்டையும் ஒட்டிய வீடுகளிலிருந்தே அதிகம் பேர் வந்தார்கள். ஊரை ஒட்டிய காட்டை வெட்டு, சதுப்பு நீரை வாய்க்கால் வெட்டி வடித்துவிடு என்று சர்க்காருக்கு எழுதினார். துறைமுகத்தில் கடல்நீர் உள்ளே வராதபடி மண்கரை எழுப்பி, உள்நிலத்தை வடிக்க வேண்டும் என்றார். சிலாங்கூரின் தலைமை வைத்தியராயிருந்த டாக்டர் டிராவர்ஸ் அவருக்குப் பக்கபலமாக நின்றார். இந்த டிராவர்ஸ், பிற்காலத்தில் குஷ்டரோகிகளுக்காகவே உழைத்து, 1930-இல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ குடியிருப்புக்கு வழிகோலியவர். மேலதிகாரி ஒருவர் இளையவரின் யோசனையைத் தமதென்று சொல்லிக் கொள்ளாமலும், முடக்கிப் போடாமலும் இருப்பது அபூர்வம்; டிராவர்ஸ் அந்த அபூர்வத்தைச் செய்தார்.

வெட்டியவர்கள் யார்? மண்வெட்டி பிடித்தவர்கள் கூலிகளே. அவர்கள் பெயர்களை எந்த ரிப்போர்ட்டும் எழுதி வைக்கவில்லை.

வியாபாரிகளாகிய நமக்குக் கணக்கைக் காட்டினால்தான் திருப்தி. கிள்ளான் நகரிலிருந்து மலேரியாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 1901-இல் 334 பேர், மறுவருஷம் 129, பிறகு 48, பிறகு 28, 1905-இல் 12. துறைமுகத்தில் 188 பேர் 70 ஆகி, 21 ஆகி, 1905-இல் 11-இல் நின்றது. இரண்டிடத்திலும் காய்ச்சல் சாவு 368-லிருந்து மறுவருஷமே 59-க்கு இறங்கிற்று. மலேரியாவுக்காக சர்க்கார் ஊழியர் எடுத்த விடுமுறை ஆண்டுக்கு 1,026 நாளாக இருந்தது, நாலாண்டில் 30 நாளாயிற்று. மழை குறைந்தது, காலம் நன்றாக இருந்தது, அதனால்தான் இந்தக் குறைவு என்று ஒருவர் தர்க்கம் செய்யலாம் அல்லவா? அதற்கும் பதில் கணக்கிலேயே இருந்தது. வாய்க்கால் வெட்டாத மற்ற பகுதிகளிலிருந்து 1901-இல் வந்தவர்கள் 197 பேர். 1905-இல் வந்தவர்கள் 353 பேர். ஒரே மாவட்டம், ஒரே மழை, ஒரே ஆஸ்பத்திரி. வெட்டிய இடத்தில் நோய் இறங்கியது. வெட்டாத இடத்தில் ஏறியது. ராஸ் இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு உலகெங்கும் பேசினார்.

இனி, கோலாலம்பூரில் இதே காலத்தில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அது வாட்சனின் வேலையன்று. ஆனால் அவர் உறவாடிய வட்டாரத்தின் வேலை. நம் கடைகளோடு சம்பந்தப்பட்டதும் ஆகும்.

1900-இல் சர் பிராங்க் சுவெட்டன்ஹாமின் முயற்சியால் கோலாலம்பூரில் ஓர் ஆராய்ச்சிக் கழகம் தோன்றியது. அதுவே பிறகு ஜாலான் பகாங்கில் பெரிய கட்டடத்தோடு விளங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். அதன் முதல் தலைவர் ஹாமில்டன் ரைட் என்ற அமெரிக்கர். மூளையும் நரம்பும் அவர் படிப்பு. மலாயாவில் அபினியின் கொடுமையைக் கண்ட அவர், பின்னாளில் தம் நாட்டின் சார்பில் ஷாங்காயிலும் ஹேக் நகரிலும் நடந்த அபினி ஒழிப்பு மாநாடுகளில் முன்னின்றார். அடுத்த தலைவர் டேனியல்ஸ். கல்கத்தாவுக்குச் சென்று ராஸ் கண்டது மெய்தானா என்று சரிபார்த்து வந்தவர். அவர் காலத்தில் 1903-இல் அங்கே வந்து சேர்ந்தவர் பினாங்கில் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்த ஊ லியென் டே. சீனர் என்பதால் ஆங்கிலேயருக்குச் சமமான உத்தியோகம் அவருக்குக் கிட்டவில்லை. 1910-11-இல் மஞ்சூரியாவில் பிளேக் நோயை அடக்கி, துணியாலான முகமூடியை உலகுக்குப் பழக்கியவர் அவர்தான். லெஸ்டர் என்ற டாக்டர் கொசு வகைகளைப் பிரித்து எழுதுவதிலேயே மூழ்கி, 1908-இல் மலாயாக் கொசுக்களைப் பற்றிப் பெரும் நூல் ஒன்று வெளியிட்டார். கொசுவுக்கு ஒரு புத்தகமா என்று அக்காலத்தில் யாரேனும் சிரித்திருக்கலாம். வாட்சனுக்கு அது எவ்வளவு பயன்பட்ட அறிவு என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இவர்கள் எல்லாரையும் திணற அடித்த நோய் பெரிபெரி. கால் மரத்து, உடல் வீங்கி, இருதயம் நின்று போகும். ஈயச் சுரங்கத்துச் சீனர்கள் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். தமிழர்களுக்கோ அது வருவதேயில்லை என்று சொல்லும் அளவுக்கு அபூர்வம். ஏன்? கிருமி என்றார் ரைட். நெகிரி செம்பிலானில் வைத்தியராயிருந்த பிராடன் என்பவர் வேறு விதமாக யோசித்தார். சீனர் தின்பது சயாமிலிருந்து வரும் தீட்டிய பச்சரிசி. தமிழர் தின்பது புழுங்கலரிசி. மலாய்க்காரர் தின்பது வீட்டில் அவ்வப்போது குத்திய அரிசி. வித்தியாசம் அரிசியில்தான் என்றார் அவர். பலர் ஏற்கவில்லை.

கோலாலம்பூர் மனநோய் ஆஸ்பத்திரியில் டாக்டராயிருந்த வில்லியம் பிளெட்சர் இதைச் சோதிக்கத் துணிந்தார். 1905 டிசம்பரில் நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் கிழக்குக் கட்டடத்துக்கு. அவர்களுக்குப் பழையபடி சயாம் அரிசி. இரட்டைப்படை எண் வந்தவர்கள் மேற்குக் கட்டடத்துக்கு. அவர்களுக்கு இந்தியப் புழுங்கலரிசி. மற்றக் கறி குழம்பெல்லாம் ஒன்றே. நோய் கட்டடத்தில் ஒட்டியிருக்கிறது என்று யாரும் சொல்லக்கூடாதென்று, பாதி வருஷத்தில் இரு பிரிவினரையும் இடம் மாற்றினார்; அரிசியை மாற்றவில்லை. வருஷ முடிவில் சயாம் அரிசி தின்றவர்களில் பெரிபெரியால் இறந்தவர் 18 பேர். புழுங்கலரிசி தின்றவர்களில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. வாய் திறந்து மறுக்க முடியாத நோயாளிகளை வைத்து இப்படிச் சோதனை செய்தது சரியா என்ற கேள்வி நம் மனத்தை உறுத்துகிறது. இன்று எந்த மருத்துவக் கல்லூரியும் இதை அனுமதிக்காது. ஆயினும் அந்தப் பதினெட்டு உயிர்கள் சொன்ன சாட்சி பல்லாயிரம் உயிர்களைக் காத்தது என்பதையும் மறைக்க முடியவில்லை.

பின்னர் ஹென்றி பிரேசரும், கனடா நாட்டவரான ஸ்டான்டனும் இதே கழகத்தில் ஆராய்ந்து, அரிசியில் விஷமில்லை, தீட்டும்போது தவிட்டோடு ஒரு சத்துப் போய்விடுகிறது என்று காட்டினார்கள். அந்தச் சத்துக்குத்தான் இப்போது வைட்டமின் பி1 என்று பெயர். நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. நம் பாட்டிமார் இதை எந்தக் காலேஜிலும் படிக்கவில்லை. நம்மவர் கப்பலேற்றிக் கொண்டுவந்து மூட்டை மூட்டையாக விற்ற புழுங்கலரிசி, விற்றவருக்கும் தெரியாமல், வாங்கியவருக்கும் தெரியாமல் மருந்தாக இருந்திருக்கிறது. ஸுப்ஹானல்லாஹ்!

வாட்சனிடம் திரும்புவோம்.

கிள்ளான் வெற்றிக்குப் பின் அவர் சர்க்கார் உத்தியோகத்தில் ஏழெட்டு ஆண்டுகள் இருந்துவிட்டு விலகி, ரப்பர் தோட்டங்களின் வைத்தியரானார். அது ரப்பர் மோகம் உச்சிக்கு ஏறிய காலம். ஆள் வேண்டும் ஆள் வேண்டும் என்று கங்காணிகள் தஞ்சாவூர், திருச்சி, சேலம் ஜில்லாக் கிராமங்களைச் சல்லடையாகச் சலித்தார்கள். 1907-இல் அதற்கென்றே தமிழர் குடியேற்ற நிதி ஒன்றும் ஏற்பட்டது. காட்டை வெட்டி லயங்கள் கட்டினார்கள். வந்தவர்கள் மடிந்தார்கள். சில தோட்டங்களில் வருஷத்துக்குப் பத்தில் ஒருவர், அதற்கு மேலும் இறந்தார்கள். அத்தோட்டங்களுக்கு அரிசியும் உப்பும் துணியும் கொண்டுபோய் விற்ற நம் முன்னோர், போன மாதம் கடன் சொன்னவர் இந்த மாதம் உயிரோடில்லை என்பதைக் கடைக்கணக்கிலிருந்தே அறிந்திருப்பார்கள்.

கிள்ளானில் செய்ததையே இங்கும் செய்தால் போதும் என்று யாரும் நினைப்பார்கள். கடலோரச் சமநிலத்துத் தோட்டங்களில் அது பலித்தது. லயத்தைச் சுற்றி அரை மைலுக்குக் காட்டை வெட்டி, சதுப்பை வடித்தால் காய்ச்சல் மறைந்தது. ஆனால் சீபீல்டு போன்ற மேட்டுநிலத் தோட்டங்களில், இன்று நாம் சுபாங் ஜெயா, யூ.எஸ்.ஜே. என்று சொல்லும் வட்டாரத்தில், காட்டை வெட்ட வெட்டக் காய்ச்சல் ஏறியது. கிள்ளானைக் காப்பாற்றிய அதே மருந்து மேட்டில் விஷமாயிற்று!

இந்த இடத்தில்தான் வாட்சனின் பெருமை விளங்குகிறது என்பது நம் அபிப்பிராயம். ஒருமுறை வெற்றி பெற்றவர், தோல்வி வந்தால் வேலைக்காரனைக் குற்றம் சொல்வார். வாட்சன் அப்படிச் செய்யவில்லை. தோட்டம் தோட்டமாகப் போய்க் குழந்தைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மலேரியா அடிக்கடி வந்தால் இடப்பக்கம் மண்ணீரல் வீங்கிக் கட்டியாகத் தட்டுப்படும். காய்ச்சற்கட்டி என்று நம் மூதாட்டிகள் சொல்வார்களே, அதுவே. எந்த லயத்தில் எத்தனை பிள்ளைக்குக் கட்டி இருக்கிறது என்று ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பார்த்து எழுதி வைத்தார். ஓடைகளில் கொசுப்புழுக்களை அள்ளிவந்து இனம் பிரித்தார்.

விடை கொசுவின் குணத்தில் இருந்தது. சமநிலத்துக் காட்டுச் சதுப்பில் நோய் பரப்பியது நிழலை விரும்பும் ஓர் இனம். காட்டை வெட்டி வெயில் விழுந்தால் அது போய்விடும். அம்புரோசஸ் என்று அதற்குப் பெயர். மேட்டுநிலத்துக் கொசு வேறு, மாக்குலேட்டஸ் என்பது. அதற்கு வேண்டியது வெயில்படும் தெளிந்த ஓடைநீர். காடு மூடியிருந்தவரை குன்றுகளுக்கு இடையிலுள்ள ஓடைகள் இருட்டாகக் கிடந்தன, அது வரவில்லை. காட்டை வெட்டினவன் கையாலேயே அதற்கு வீடு கட்டிக் கொடுத்தான்! கோலாலம்பூரிலும் இதே கதி நேர்ந்தது. நகரைச் சுற்றிய குன்றுகளில் வீடுகட்டக் காடு வெட்டப்பட்டபோது ஓடைகள் வெயிலுக்கு வந்தன. நகரில் காய்ச்சல் ஏறியது. 1911-இல் மலேரியா ஆலோசனைச் சபை ஒன்றை அமைக்க வேண்டி வந்தது.

ஆகவே எல்லாக் கொசுவையும் ஒழிக்க வேண்டியதில்லை. அந்த இடத்தில் நோய் பரப்பும் இனம் எது என்று கண்டு, அதற்கு ஆகாததைச் செய்தால் போதும் என்பது வாட்சன் கண்ட வழி. மேட்டு ஓடைகளில் சுட்ட மண்குழாய்களை நிலத்துக்குள் புதைத்து, மேலே தண்ணீரே தெரியாதபடி செய்தார். அது செலவு பிடித்த வேலை. 1914 முதல், ஓடைகளில் வாரம் ஒருமுறை எண்ணெய் தெளிக்கும் முறை பரவிற்று. புழு கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும், அதற்குள் எண்ணெய்ப் படலத்தின் கீழ் மூச்சுமுட்டிச் சாகும். முதுகில் எண்ணெய்த் தகரத்தைச் சுமந்து ஓடை ஓடையாக நடந்தவர்கள் தமிழ்த் தொழிலாளர்களே. ஹாலந்து தேசத்து விலங்கியல் அறிஞர் சுவெல்லன்கிரேபல் இங்கு வந்து பார்த்து, இதற்கு இனவாரிச் சுகாதாரம் என்னும் பொருள்படப் பெயரிட்டு, ஜாவாவிலும் சுமத்ராவிலும் கையாண்டார். டாக்டர் கண்டதை விலங்கியல்காரர் பெயர் சூட்டி உலகுக்குக் கொண்டுபோனார். லெஸ்டரின் கொசுப் புத்தகம் போன்ற உழைப்பில்லாமல் இவர்கள் இருவருக்கும் இனம் பிரிக்கத் தெரிந்திராது.

வாட்சனைப் புகழ்ந்துகொண்டே போவதும் நியாயமாகாது. அவருக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் துரைமார்கள். தொழிலாளி இறந்தால் மரம் வெட்ட ஆளில்லை, லாபம் போயிற்று என்ற கணக்கில்தான் குழாய்க்கும் எண்ணெய்க்கும் பணம் கிடைத்தது. கூலியும் லயமும் அதே வேகத்தில் சீர்பட்டதாக யாரும் சொல்ல மாட்டார்கள். ஆயினும் மருந்து வந்த வழி எதுவானாலும், பிழைத்த பிள்ளை பிழைத்த பிள்ளைதான். இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் அநேகம் தமிழ்க் குடும்பங்களின் பாட்டன் பூட்டன் அந்த லயங்களில் பிழைத்தவர்களே.

1911-இல் அவர் தம் அநுபவத்தைப் பெரிய நூலாக வெளியிட்டார். 1921-இல் அது விரித்து மறுபதிப்பாயிற்று. 1924-இல் சர் பட்டம் கிடைத்தது. 1928-இல் இங்கிலாந்து திரும்பி, ராஸின் பெயரால் லண்டனில் இயங்கிய ஸ்தாபனத்தில் மலேரியாப் பிரிவின் தலைவரானார். 1932-இல் ராஸ் காலமானார்; 1934-இல் அந்த ஸ்தாபனம் லண்டன் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. கிள்ளான் சதுப்பில் பூட்ஸ் நனைந்த மாவட்ட வைத்தியர், உலக மாணவர்கள் தேடிவரும் கல்லூரியில் ஆசிரியர் கூட்டத்தில் ஒருவரானார். அங்கே அவர் டாக்டர்களுக்கு மட்டும் கற்பிக்கவில்லை. தோட்டத் துரைகள், சுரங்க எஞ்சினியர்கள் முதலியோருக்கும் வகுப்பு நடந்தது. வாய்க்காலுக்கு உத்தரவிடுகிறவன் அவன்தானே! வட ரொடீஷியாவின் செம்புச் சுரங்கத்துக்கும் அவர் போய், அங்கும் காய்ச்சலை அடக்கினார். 1955-இன் கடைசி நாட்களில் காலமானார்.

அவர் வெட்டிய வாய்க்கால்கள் நிரந்தரமல்ல என்பதை 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் காலம் காட்டிற்று. தெளிக்க எண்ணெய் இல்லை, தூர்வார ஆளில்லை. காய்ச்சல் தோட்டங்களுக்குத் திரும்பி வந்தது. சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட நம் தமிழர்களில் மலேரியாவால் மாண்டவர் ஏராளம்.

கோலாலம்பூர் ஆராய்ச்சிக் கழகத்தில் 1930-களில் லூத்வெய்ட் என்ற ஆங்கிலேயரும் சவூர் என்ற இந்தியரும் சேர்ந்து காட்டுப் புல்லிலிருந்து தொற்றும் டைபஸ் காய்ச்சலை ஆராய்ந்தார்கள். 1963-இல் மலாயாப் பல்கலைக் கழகத்தில் மருத்துவப் பகுதி தோன்றியபோது, அதன் முதல் தலைவராக அமர்ந்தவர் டி. ஜே. தனராஜ் என்ற தமிழர். கொசு கொண்டுவரும் யானைக்கால் புழுவால் நுரையீரலில் உண்டாகும் ஒருவகை இருமல் நோய் அவரது ஆராய்ச்சிகளில் ஒன்று. நம் பிள்ளைகள் கோலாலம்பூரிலேயே டாக்டர் பட்டத்துக்குப் படிக்கும் வழி அத்தோடு திறந்தது. ஆங்கிலேயர் பிடியில் இருந்த நாளில் ஊ லியென் டேக்குக் கிடைக்காத நாற்காலி அது.

2018 முதல் மலேசியாவில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்ளூர் மலேரியா ஒன்றும் பதிவாகவில்லை. ஆனால் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் நோலெசி என்ற மலேரியா இருக்கிறது; ஆண்டுதோறும் அது ஆயிரக்கணக்கானோரைப் பிடிக்கிறது, சிலரைக் கொல்கிறது. சரவாக் காப்பிட் பகுதியில் அது பரவலாக இருப்பதை 2004-இல் வெளிப்படுத்தியவர்கள் மலேசிய சரவாக் பல்கலைக் கழக மருத்துவப் பகுதியைச் சேர்ந்த பல்பீர் சிங்கும் அவர் குழுவினரும். நம் சிலாங்கூரிலும், உலு சிலாங்கூர் காட்டோரங்களில் அது மனிதரைத் தொட்டிருக்கிறது. அங்கே எந்தக் கொசு அதைக் கொண்டுவருகிறது என்று தேடியவர்களில் முன்னிற்பவர், முதலில் ஜாலான் பகாங் கழகத்திலும் பின்பு மலாயாப் பல்கலைக் கழக மருத்துவப் பகுதியிலும் பணியாற்றிய பேராசிரியை இந்திரா வைத்திலிங்கம். அவரும் குழுவினரும் இரவெல்லாம் காட்டோரத்தில் காத்திருந்து கொசுக்களைப் பிடித்து, இனம் பிரித்து, இன்ட்ரோலேட்டஸ் என்ற இனத்தைக் கண்டு 2014-இல் வெளியிட்டார்கள்.